மாப்பிள்ளையின் கால்கள்

மாடில்டாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோலசிலாங்கூர் டவுனில், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் கழுவும் நிலையம் ஒன்றில் தரை துடைக்கும் வேலைக்கு அவள் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. காலையில் உள்ளே நுழைந்தால் மதியம் வரைக்கும் காதில் விழுவதெல்லாம் ஆங்கிலமும் மலாயும்தான். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டால் பாதிக்கு மேல் அவளுக்குத் தெரியும். சொற்கள் ஒன்றாகச் சேரும்போதுதான் தனக்குத் தெரியாமல் அவை ஏதோ பேரம் பேசிக்கொள்கின்றன என்று அவளுக்குச் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. வேலைக்கு வந்த புதிதில் ஒரு நாள், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் சீனர் அவளைக் கடந்து போனபடியே, ஜன்னலோரத்து நாற்காலியில் உட்காரும் நோயாளி அங்கிளைப் பற்றி, “கிக் த பக்கெட் ஆல்ரெடி லா” என்றார். கிக் என்றால் உதை. பக்கெட் என்றால் வாளி. பெரியவர் காலை நீட்டி எதையோ கவிழ்த்துவிட்டார் என்று மாடில்டா மாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜன்னலோரத்து நாற்காலி காலியாக இருந்தது. தரை காய்ந்து கிடந்தது. வாளியோ அவள் கையிலேயே இருந்தது.

“அக்கா, அங்கிள் தவறிட்டாரு. நேத்து வீட்டுலயே,” என்றாள் மோகனா மிஸ்ஸி. அங்கே தாதியரில் அவள்தான் தமிழச்சி.

“அப்ப வாளி?”

“வாளி எதுவும் இல்லக்கா. அது சும்மா பேச்சு.”

செத்துப்போன மனுசனை வாளியை உதைத்தான் என்று சொல்லும் பாஷையிடம் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று மாடில்டா அன்றைக்கே முடிவு கட்டினாள்.

இன்னொரு நாள் ஒரு நோயாளியின் மருமகள், மாமனாரின் மருந்தை வாங்கிவரப் போகும் அவசரத்தில், தன் குழந்தையை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டு, “ஆண்ட்டி, கீப் என் ஐ ஆன் ஹிம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மாடில்டா திடுக்கிட்டுப் போனாள். பெற்ற பிள்ளையின் மேல் கண் வைக்கச் சொல்லும் தாயை அவள் எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை. தன் கண் அந்தக் குழந்தை மேல் தப்பித் தவறியும் பட்டுவிடக் கூடாதென்று சுவரைப் பார்த்தபடியே நின்றாள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தை சோப்புத் திரவத்தைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து விளையாடிவிட்டது. பார்த்துக்கொள்ளத்தானே சொன்னேன் என்று திட்டும் விழுந்தது, துடைக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

வீட்டில் இதற்கு மேல். மகள் கிளாரிஸ்ஸா கிள்ளானில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மாடில்டா அதைத் தோட்டத்துக் குமாஸ்தாவைச் சொல்வது போலக் கிராணி வேலை என்பாள். மகள் ஒவ்வொரு முறையும் எக்ஸிகியூட்டிவ் என்று திருத்துவாள். ஒரு நாள் கறி உப்புக் கரிக்கிறது என்று சொல்லிவிட்டு, தாயின் முகம் மாறியதும், “மா, ஐம் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக் லா” என்று சிரித்தாள். மாடில்டா தட்டைத் தள்ளிவைத்தாள்.

“பெத்த பிள்ளையே காலை வாருதுன்னா வெளியில உள்ளவனைச் சொல்லி என்னா இருக்கு.”

“மா, தமாஷ் பண்றேன்னு அர்த்தம்.”

“தமாஷுன்னா தமாஷுன்னு சொல்லு. என் காலு எதுக்கு அங்க வருது?”

இப்படியாக, ஆங்கிலம் என்பது தன்னிடம் எதையாவது மறைக்க வேண்டியவர்கள் பேசுவது என்று அவள் மனத்தில் பதிந்துபோனது. புக்கிட் பெலிம்பிங்கில் உள்ள அந்தச் சின்ன வீட்டில் மகள் கைப்பேசியில் ஆங்கிலத்துக்கு மாறினால் போதும், மாடில்டா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். அதை ஒட்டுக்கேட்பது என்று அவள் நினைக்கவில்லை. வீட்டுக்குக் காவல் இருப்பது என்றுதான் நினைத்தாள்.

மறைக்கிறவர்களோடு வாழ்ந்த அனுபவம் அவளுக்கு உண்டு. கணவன் காப்ரியல் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். நல்ல மனுசன், ஆனால் வாய் திறக்க மாட்டான். ஒரு மழைக்காலத்தில் கால் சில்லென்று இருக்கிறது என்று காலுறையோடு படுக்க ஆரம்பித்தான். தோட்டத்து ஈரம் என்றான். அவனுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்பதும், மாத்திரைகளை லோரியிலேயே வைத்திருந்தான் என்பதும், கட்டைவிரல் கறுத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அப்புறம் அவனே போனான். அவன் புண்ணின் கட்டை மாடில்டா அவிழ்த்து, கழுவி, மறுபடி கட்டிய காலமெல்லாம் கிளாரிஸ்ஸா அதே அறையில் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதினாள்.

ஆகவே, ஆங்கிலத்தில் மாடில்டா சந்தேகமே படாத சொற்கள் இரண்டு இருந்தன. கோல்ட் ஃபீட். நிலையத்தில் மிஸ்ஸிமார் நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து அன்றாடம் கேட்கும் கேள்வி அது. கோல்ட் ஃபீட்டா அங்கிள், மரத்துப்போகுதா, புண் இருக்கா? அதில் ஒளிவு மறைவு கிடையாது. கால் குளிர்ந்தால் என்ன வரும் என்று மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொண்டார்கள், அவள் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ரெய்மண்ட் ஈஜோக் பக்கத்துப் பையன். ரவாங்கில் ஏர்கான் பழுதுபார்க்கும் வேலை. கோயிலுக்குப் போகிற குடும்பம், கெட்ட பழக்கம் இல்லை என்று தெரிந்தவர்கள் சொல்லித்தான் மாடில்டா பேச்சை எடுத்தாள். பிள்ளைகள் இருவரும் சில மாதம் பேசிப் பழகிவிட்டு, சரி என்றார்கள். முதன்முதலாக அவன் வீட்டுக்கு வந்த அன்று மாடில்டா தேத்தண்ணி கலக்கப் போனபோது, “ஆண்ட்டி, எனக்கு தே ஓ கோசோங்,” என்றான். பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாமாம். இருபத்தொன்பது வயதுப் பையனுக்குச் சீனி எதற்கு வேண்டாம் என்று அவளுக்குச் சுருக்கென்றது. சப்பாத்தைக் கழற்றினான், காலுறையைக் கழற்றவில்லை. இரண்டு தடவை பாத்ரூம் எங்கே என்று கேட்டான். மாடில்டா எல்லாவற்றையும் மனத்தில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டாள்.

தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று முதலாவது ஓலை வாசிக்கப்பட்டது. திருமணம் செய்யப்போகிறவர்களின் பெயரைக் கோயிலில் மூன்று ஞாயிறு சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கச் சொல்லும் வழக்கம் அது. பங்குத் தந்தைக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலஞ்சென்ற காப்ரியல், மாடில்டா இவர்களின் மகள் கிளாரிஸ்ஸா என்று ஆரம்பித்தபோது மாடில்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த மகளின் கையைத் தட்டிக்கொடுத்தாள். கிளாரிஸ்ஸா சிரித்தாள். சிரித்தது போலத்தான் இருந்தது.

அன்று மத்தியானம் கிளாரிஸ்ஸா பின்பக்கம் துணி காயும் கொடிக்கு அந்தப் புறமாக நின்று சிநேகிதியோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆங்கிலம். குரல் தாழ்ந்திருந்தது. மாடில்டா அடுப்பைத் தணித்தாள்.

“காட் கோல்ட் ஃபீட் ஆல்ரெடி லா,” என்றாள் கிளாரிஸ்ஸா. பிறகு, “மை மதர் டோன்ட் நோ,” என்றாள்.

மாடில்டா அடுப்பையே அணைத்துவிட்டாள்.

சீனி போடாத தேத்தண்ணி, கழற்றாத காலுறை, இரண்டு தடவை பாத்ரூம் எல்லாம் ஓடி வந்து வரிசையில் நின்றன. பையனுக்குக் கால் குளிர்ந்துவிட்டது. மகளுக்குத் தெரியும். தாய்க்குத் தெரியக் கூடாது. தனக்கு வந்த அதே வாழ்க்கை மகளுக்கும் வரப்போகிறது, அதுவும் தெரிந்தே, தன் சம்மதத்தோடு. தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று காலையில்தான் உபதேசியார் வாசித்தார். ஆனால் கண்ணால் பார்க்காமல் ஒரு பிள்ளையின் மேல் பழி சொல்ல முடியாது. அவனுடைய காலைப் பார்த்தாக வேண்டும்.

வளர்ந்த ஆண்பிள்ளையின் காலைக் காட்டச் சொல்லி எப்படிக் கேட்பது? குருத்து ஞாயிறன்று இரண்டாவது ஓலை வாசித்தபோதும் அவள் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். பூசை முடிந்து உபதேசியார் வாசலில் நின்று, பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவப் பன்னிரண்டு பேர் இன்னும் சேரவில்லை, எல்லாருக்கும் வெட்கம் என்று புலம்பினார். ஆண்டவர் சீடர்களின் பாதத்தைக் கழுவியதை நினைத்து, ஆண்டுக்கொரு முறை பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதத்தைக் கழுவுகிற சடங்கு அது. மாடில்டாவுக்கு வானம் திறந்தது போல இருந்தது.

“எங்க மாப்பிள்ளையப் போட்டுக்குங்க,” என்றாள்.

“ஈஜோக்ல இருந்து வருவாராம்மா?”

“வருவாரு. நான் சொல்றேன்.”

ரெய்மண்ட் கைப்பேசியில் தயங்கினான். “ஆண்ட்டி, நான் உங்க கோயில் இல்லையே.”

“ஆவப்போறீங்கதானே தம்பி.”

கிளாரிஸ்ஸாவுக்கு விஷயம் தெரிந்ததும், “ஏன்மா அவரை இதுல இழுக்குற?” என்று கேட்டாள். கேட்ட விதமே மாடில்டாவின் சந்தேகத்துக்கு நெய் ஊற்றியது.

கோயிலைச் சுத்தம் செய்யும் குழுவில் இருந்ததால் தண்ணீர்க் குடுவையும் கழுவிய நீரைப் பிடிக்கும் தட்டும் மாடில்டாவின் பொறுப்பு. வழக்கமாக இளஞ்சூட்டில் தண்ணீர் வைப்பார்கள். அந்த வியாழக்கிழமை அவள் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, ஐஸ் கட்டியும் போட்டுக் கலக்கி வைத்தாள். மரத்துப்போன காலுக்குக் குளிர் தெரியாது. காப்ரியலின் காலில் கொதிநீர் கொட்டியபோதுகூட அவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பன்னிரண்டு பேரும் பீடத்தின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஆளின் பாதத்தில் தண்ணீர் பட்டதும் அவர் “ஸ்ஸ்” என்று காலை இழுத்தார். இரண்டாவது ஆள் நாற்காலியோடு பின்னால் போனார். மூன்றாமவர் முதலிரண்டு பேரின் கதியைப் பார்த்து முன்கூட்டியே கண்ணை மூடிக்கொண்டார். சாமியார் குனிந்தபடியே திரும்பி மாடில்டாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

ரெய்மண்டின் முறை வந்தது. காலுறை இல்லை. மாடில்டா தட்டை ஏந்திக்கொண்டு, நிலையத்தில் மிஸ்ஸிமார் குனிவது போலவே குனிந்தாள். நகம் ஒழுங்காக வெட்டியிருந்தது. விரலிடுக்கில் புண் இல்லை. குதிகாலில் வெடிப்பில்லை. தண்ணீர் விழுந்ததும் துள்ளினான். நல்ல கால். ஆனால் சாமியார் கழுவுவது வலது காலை மட்டும்தான். காப்ரியலுக்குப் போனது இடது கால். சாமியார் அடுத்தவரிடம் நகர்ந்ததும் மாடில்டாவின் கையில் தட்டு சாய்ந்தது. அழுக்குத் தண்ணீர் முழுவதும் ரெய்மண்டின் இடது பாதத்தில் கொட்டியது.

“ஐயோ ஆண்ட்டி,” என்று எழுந்தே நின்றுவிட்டான்.

“மன்னிச்சுக்குங்க தம்பி. ரொம்பச் சில்லுன்னு இருக்கா?”

“எலும்பு வரைக்கும் போவுது.”

“ரொம்ப நல்லது,” என்று சொல்லி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாஸ்கா எனும் ஈஸ்டர் திருநாள் முழுவதும் அவள் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. காலில் குறை இல்லை. அப்படியானால் மகள் சொன்னது என்ன? மகள் பொய் சொல்கிறாளா, கால் பொய் சொல்கிறதா? எடுத்திருந்த விடுப்பு முடிந்து வேலைக்குப் போனதும், நோயாளிகளின் ஊசியை எல்லாம் சரிபார்த்துவிட்டு மோகனா கை கழுவ வந்த நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

“மிஸ்ஸி, கோல்ட் ஃபீட் வந்துட்டுத் தானாச் சரியாயிடுமா?”

“யாருக்குக்கா?”

“மாப்பிள்ளைக்கு. கால் ரெண்டையும் பாத்துட்டேன். விரலெல்லாம் சுத்தம். உணர்ச்சியும் இருக்கு. ஆனா கிளாரிஸ்ஸா போன்ல சொன்னா.”

“என்னான்னு சொன்னா? அப்படியே சொல்லுங்க.”

“காட் கோல்ட் ஃபீட் ஆல்ரெடி லான்னா. மை மதர் டோன்ட் நோன்னா.”

மோகனா தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ தோன்றியவளாய் நிறுத்திக்கொண்டாள்.

“அக்கா, அது சீக்கு இல்ல. கல்யாணம், புது வேலை, ஏதாச்சும் பெரிய காரியத்துல எறங்கப்போற நேரத்துல பயம் புடிச்சுக்கிட்டுப் பின்வாங்குறது. மனசு ஆட்டம் காணுது பாருங்க, அதுக்குத்தான் அப்படிச் சொல்லுவாங்க.”

“மனசு ஆட்டம் கண்டா மனசுன்னு சொல்லணும். காலு எதுக்கு?”

“எனக்கு என்னாக்கா தெரியும். கால் சூடா இருந்தாத்தானே நடப்பான்.”

“நீங்கதானே தினம் கேக்குறீங்க, அங்கிள் கோல்ட் ஃபீட்டான்னு.”

“அது நெஜக் காலுக்கா.” மோகனா கொஞ்சம் தயங்கினாள். “யாருக்குன்னு சொன்னா?”

“வேற யாருக்கு? மாப்பிள்ளைக்குத்தான்.”

மோகனா வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு இயந்திரம் கத்தியது. போய்விட்டாள்.

கடைசியில் இதுவும் வாளியாகப் போய்விட்டது. தான் சந்தேகமே படாத ஒரே இடத்தில் ஆங்கிலம் காலை வாரிவிட்டது. தரையைத் துடைத்துக்கொண்டே மாடில்டா கணக்குப் போட்டாள். பையனுக்கு நோய் இல்லை, ஆனால் கல்யாணத்திலிருந்து நழுவப் பார்க்கிறான். மகள் அதை மறைத்துக்கொண்டு சிநேகிதியிடம் அழுகிறாள். பாஸ்கா ஞாயிறன்று ஓலை வாசிக்கவில்லை, வருகிற ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்கப்புறம் அவன் கைவிட்டால் கோலசிலாங்கூர் முழுக்கப் பேசும். இந்த முறை குறுக்கு வழி வேண்டாம், நேராகக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தாள். ரெய்மண்டைக் கூப்பிட்டு, மறுநாள் வேலை முடிகிற நேரத்துக்கு நிலையத்துக்கு எதிரிலிருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னாள். கிளாரிஸ்ஸாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

அவன் நிறுவனத்தின் வேனிலேயே வந்து இறங்கினான். வழக்கம்போல தே ஓ கோசோங் கேட்டான்.

“தம்பி, சீனி ஏன் வேணாங்கிறீங்க?”

“தொப்பை வருது ஆண்ட்டி. கல்யாண கோட் பத்தாமப் போயிரும்.”

மாடில்டா அதற்குச் சிரிக்கவில்லை. “ஒண்ணு கேக்குறேன். ஒளிக்காமச் சொல்லணும். உங்களுக்குக் கல்யாணத்துல மனசு இல்லையா?”

“எனக்கா?” அவன் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்தான். “எங்கம்மா பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டாங்க ஆண்ட்டி. நான் எதுக்கு…”

“அம்மாவ விடுங்க. உங்களுக்கு?”

“எனக்கு அவங்களப் புடிச்சிருக்கு,” என்றான், மேசையைப் பார்த்து.

“அப்ப கோல்ட் ஃபீட்டுன்னு ஏன் சொன்னா?”

“யாரு?”

“கிளாரிஸ்ஸா. அவ சிநேகிதிகிட்ட. என் காதால கேட்டேன்.”

ரெய்மண்ட் தம்ளரை ஓரமாக நகர்த்தினான். பிறகு மெதுவாக, ஏர்கானில் எந்த இடத்தில் கசிகிறது என்று கேட்பவனைப் போல, “எப்படிச் சொன்னாங்க ஆண்ட்டி? ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க,” என்றான்.

“காட் கோல்ட் ஃபீட் ஆல்ரெடி லா.”

“முன்னால ‘ஹி’ன்னு இருந்துச்சா?”

மாடில்டா நினைத்துப் பார்த்தாள். கொடியில் காய்ந்த துணி, அடுப்பின் சத்தம், மகளின் தாழ்ந்த குரல். ‘ஹி’ இல்லை. ‘ஷி’யும் இல்லை. நம் ஊர் ஆங்கிலத்தில் ஆளைச் சொல்ல வேண்டியதே இல்லை. பயம் வந்துருச்சு என்று தமிழில் சொன்னால் யாருக்கு என்று சொன்னவருக்குத் தெரிந்தால் போதும் அல்லவா, அதே மாதிரிதான். அந்தக் காலி இடத்தில் மாப்பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைத்தது மகள் இல்லை. அவள்.

“இல்ல தம்பி,” என்றாள்.

“எனக்கும் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு.” ரெய்மண்ட் கைப்பேசியைத் திருப்பித் திருப்பி வைத்தான். “ஓலை வாசிச்சதிலேருந்து என்னா கேட்டாலும் ஓகேன்னு மட்டும்தான் மெசேஜ் வருது. பூ என்னா கலருன்னு கேட்டேன். ஓகேன்னாங்க.”

தேத்தண்ணியை அவன் குடிக்கவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வேனை எடுத்தான். மாடில்டா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே இருந்தாள். மகள் தாயிடம்கூடச் சொல்லாததை, யாரிடம் போய்ச் சேரக் கூடாதோ அவனிடமே தன் வாயால் எடுத்துக் கொடுத்தாகிவிட்டது.

கிளாரிஸ்ஸா வேலை முடிந்து வந்து கைப்பையை வைப்பதற்குள் மாடில்டா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஐஸ் தண்ணீரையும் சேர்த்து.

கிளாரிஸ்ஸா நாற்காலியில் உட்கார்ந்தாள். “அவர்கிட்டயா சொன்ன?”

“அவருக்குன்னு நெனச்சுத்தான் சொன்னேன்.”

“என் போன ஏன்மா ஒட்டுக்கேட்ட?”

“நீ ஏன் இங்கிலீஷ்ல பேசுன?” என்றாள் மாடில்டா. அது பதிலாகாது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் உள்ளே அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “வேற யாராச்சும் இருக்கானா?”

“யாரும் இல்ல.”

“அந்த ஆபீஸ்ல ஒருத்தர் உன்னக் காடியில கொண்டாந்து விடுறாரே.”

“அவருக்கு ஐம்பத்தஞ்சு வயசு மா.”

“வயசுல என்னா இருக்கு.”

கிளாரிஸ்ஸாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஓலையில ரெண்டு பேர் பேரையும் சேத்து வாசிச்சாங்கள்ள? அப்பதான் தோணுச்சு. பீடத்துக்கு முன்னால நின்னு, உடல்நலத்திலும் நோயிலும்னு சொல்லணும். எல்லாரும் சும்மா சொல்லிட்டுப் போயிருவாங்க. நான் அத கண்ணால பாத்திருக்கேன். நீ அப்பாவுக்குக் கட்டு மாத்துறத தினம் பாத்தேன். என்னால அப்படி முடியுமான்னு தெரியல. முடியாமச் சத்தியம் பண்ணக் கூடாதில்ல.”

மாடில்டா அரிசிப் பானையைத் திறந்தாள். தன்னாலும் முடியவில்லை, மாதத்துக்கு ஒரு தடவையாவது பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன் என்று சொல்லலாமா என்று பார்த்தாள். சொல்லவில்லை. அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தாள். இதையும் ஒரு மறைப்பு என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

இருட்டுவதற்கு முன்னாலேயே ரெய்மண்ட் வந்தான். இருவரும் வாசலில், காடி நிறுத்தும் இடத்தில் நின்று பேசினார்கள். ஆங்கிலம்தான். மாடில்டா சமையலறையிலேயே இருந்தாள். தொலைக்காட்சியின் சத்தத்தைத் தானாகவே கூட்டி வைத்தாள். இருந்தாலும் இடைவெளியில் ஒரு வாக்கியம் ஜன்னல் வழியே தெளிவாக வந்து விழுந்தது. ரெய்மண்டின் குரல்.

“லெட்ஸ் ஸ்லீப் ஆன் இட்.”

மாடில்டா அகப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். “என்னா தூக்கம்? இன்னும் மூணாவது ஓலைகூட வாசிக்கல.”

ரெய்மண்டின் முகம் காதுவரை சிவந்தது. கிளாரிஸ்ஸா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“ஆண்ட்டி, ஒரு ராத்திரி நல்லா யோசிச்சுட்டு முடிவு பண்ணலாம்னு அர்த்தம்.”

“அப்படியே சொல்றதுக்கு என்னா கேடு?” அகப்பையைக் கீழே இறக்கினாள். “ரெண்டு பேருக்கும் வாயில தமிழ் இருக்கில்ல. தமிழ்ல பேசுங்க. நான் கேக்கக் கூடாதுன்னா சொல்லுங்க, கடைப்பக்கம் போயிட்டு வரேன்.”

யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ரெய்மண்ட் கிளாரிஸ்ஸாவைப் பார்த்துத் தமிழில் பேசினான். தமிழில் அவனுக்கு வேகம் குறைவாக இருந்தது.

“பயமா இருந்தா பயம்னு சொல்லு. எனக்கும் எங்கப்பாவ நெனச்சா பயம்தான், அவருக்கும் இனிப்பு நீர்தான். அதுக்குத்தான் சீனி விட்டுட்டேன். தொப்பைன்னு ஆண்ட்டிகிட்ட சும்மா சொன்னேன். நான் காத்திருக்கேன். ஆனா அடுத்த தடவை உன் ஃபிரண்ட்கிட்ட சொல்லாத. என்கிட்ட சொல்லு.”

மாடில்டா அவனைப் பார்த்தாள். கடைசியில் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தான். தன் மூக்கு தப்பாகப் போகவில்லை என்று ஒரு விநாடி பெருமைகூட வந்தது. அப்பாவுக்கு இருக்கிறதென்றால் பிள்ளைக்கும் வரலாம். வராமலும் போகலாம். அதைத் தாய் முடிவு செய்ய முடியாது.

“டிசம்பர் வரைக்கும் டைம் குடு,” என்றாள் கிளாரிஸ்ஸா. “வேணான்னு சொல்லல. இப்ப சத்தியம் பண்ண முடியாது, அவ்வளவுதான்.”

“அப்ப மூணாவது ஓலை?” என்றாள் மாடில்டா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை அவளே உபதேசியார் வீட்டுக்குப் போனாள். ஓலையை நிறுத்தி வைக்கச் சொன்னாள். தடையா என்று அவர் கேட்டார். தடை இல்லை, தாமதம் என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் கதவைச் சாத்தும்போது அவர் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்ததை மாடில்டா கவனித்தாள்.

ஞாயிறு பூசையில் மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அந்த இடத்தில் உபதேசியார், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் அன்பிய ஜெபக்கூட்டம் எந்த வீட்டில் என்று அறிவித்தார். முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. பூசை முடிந்து வெளியே வந்ததும் பாடற்குழுவிலிருக்கும் பிலோமினா வந்து தோளைத் தொட்டாள். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் குடையை மடிப்பது போல நின்றுகொண்டார்கள்.

“என்னாக்கா, பேரு வாசிக்கலையே? அந்தப் பையன் சரியில்லையா?”

“பையன் தங்கம்.”

“அப்ப கிளாரிஸ்ஸா…”

மகள் வாகன நிறுத்தத்தில் ரெய்மண்டின் வேன் பக்கமாக நின்றுகொண்டிருந்தாள். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கிருந்து எந்த பாஷை என்று தெரியவில்லை. இந்தப் பெண்கள் இன்னும் ஒரு கேள்வி கேட்டால், மத்தியானத்துக்குள் அந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்றின் பெயர் ஈஜோக் வரைக்கும் நாறிவிடும் என்று மாடில்டாவுக்குத் தெரியும். இந்தப் பார்வையை அவள் அறிவாள். மூன்று வாரமாக அவளே அப்படித்தான் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

“கோல்ட் ஃபீட்,” என்றாள்.

“யாருக்கு?”

“எனக்குத்தான். கொஞ்ச நாள் ஆவட்டும்னு நிறுத்தி வச்சிருக்கேன்.”

அது பொய்யுமில்லை. பிலோமினாவின் முகம் சட்டென்று இளகியது. பிறகு அவள் பார்வை மெல்ல இறங்கி, புடவை ஓரத்தைத் தாண்டி, மாடில்டாவின் செருப்பில் வந்து நின்றது. பின்னால் நின்ற இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

“காப்ரியல் அண்ணனுக்கு இருந்த மாதிரியா? அடக் கடவுளே. வெந்தயத்தை ஊற வச்சுக் குடி அக்கா. அலட்சியமா விட்டுறாத.”

“குடிக்கிறேன்,” என்றாள் மாடில்டா. அவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று காலை நகர்த்தாமல் நின்றாள்.